மாடி ஜன்னலில் ஒரு ரிப்பீட்டர்

“திருடன்னு சொன்னா மட்டும் கோவம் வருதுல்ல? அப்ப திருடாம இருக்கணும்ணே!”

“ஏ மேரி, வார்த்தைய அளந்து பேசு. எம்மவன் எதத் திருடினான்? ஒன் வீட்டு அண்டாவயா, குண்டாவயா?”

“அண்டான்னா நேரா வந்து தூக்கிட்டுப் போயிருவேனே! வைஃபைய எங்கிட்டுன்னு போயித் தேடுறது?”

“காத்துல வர்றதுக்குத் திருட்டுப் பட்டமா? காத்துக்கு வேலி போட்டு வச்சியா நீ?”

“பாத்தீங்களா, பாத்தீங்களா, அவரு வாயிலேயே வந்துருச்சு! காத்துல புடிச்சோம்னு ஒத்துக்கிட்டாரு!”

திருவரங்குளத்தில் எங்கள் தெருவுக்கு அது செவ்வாய்க்கிழமை காலை ஏழரை மணி. நான் கையில் விளக்குமாறோடு வாசலில் நின்றேன். கூட்டிய வாசலையே கால் மணி நேரமாகத் திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தேன் என்பதை மறைப்பானேன். சண்டை எதிர் வீட்டில். அதை விட்டுவிட்டு உள்ளே போய் அடுப்பைப் பற்றவைக்க எந்தப் பெண்ணுக்கு மனசு வரும்?

கத்திக்கொண்டிருந்தவள் அடைக்கலமேரி. அங்கன்வாடியில் முப்பது வருஷம் பிள்ளைகளை அதட்டி ஓய்வு பெற்றவள். தை மாதம் முழங்காலில் ஆபரேஷன். ஊன்றி நடக்கக் கொடுத்த கம்பை ஊன்றுவதைவிட நீட்டிப் பேசத்தான் அதிகம் பயன்படுத்தினாள். அந்தக் கம்பின் நுனியில் அப்போது நின்றவர் அவளுக்குப் பக்கத்து வீட்டுப் பழனிச்சாமி அண்ணன். பேருந்து நடத்துநராக இருந்தவர். கடைசி சீட்டு வரை கேட்கிற தொண்டை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் இடுப்பளவு சுவர் ஒன்றுதான்.

குற்றம் சாட்டப்பட்டவன் அவருடைய மகன் வெற்றிசெல்வன். அவன் வாசற்படியில் தலையைக் குனிந்து செருப்பு வாரை மாட்டிக்கொண்டிருந்தான். ஒரு வாரைப் பூட்ட அத்தனை நேரம் ஆகாது.

அவனுக்குத் தொழில் கேமரா மாட்டுவது, வைஃபை போடுவது. டிப்ளமோ முடித்து நாலு வருஷமாக ஆலங்குடி ரோடு முழுக்க அவன் கைவேலைதான். மற்ற வேலைக்காரன் வாசலோடு நின்றுவிடுவான். இவனைப் படுக்கையறை வரை விடவேண்டும், பாஸ்வேர்டைச் சொல்லவேண்டும், கடைச் சாவியைக் கொடுத்துவிட்டு முதலாளி சாப்பிடப் போகவேண்டும். ‘நல்ல பையன்’ என்ற பெயர்தான் அவனுக்கு முதல். அந்த ஒன்று போனால் ஸ்க்ரூடிரைவரை வைத்துக்கொண்டு அவன் என்ன செய்வான்? இது எனக்கு அன்றைக்கும் தெரியும். தெரியாமல் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

மேரிக்கு ஏன் இத்தனை ஆவேசம் என்று கேட்டால் அதற்கும் நியாயம் உண்டு. அவள் மகள் ஷர்லிக்கு பெங்களூர் கம்பெனி ஒன்றில் வீட்டிலிருந்தே பார்க்கிற வேலை கிடைத்து மூன்று மாதம். ஆபரேஷன் செய்த அம்மாவை விட்டுப் போகவேண்டாம் என்று அந்தப் பெண் தேடிப் பிடித்த வேலை. ஆனால் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போதே படம் அப்படியே நின்றுவிடும். வாயைப் பாதி திறந்தபடி ஷர்லி, பெங்களூரில் பத்துப் பேர் பார்க்கச் சிலையாகிவிடுவாள். “லைன் சரியில்லைன்னா ஆபீசுக்கே வந்துரும்மா” என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கடைசி மீட்டிங். அது ஒழுங்காக நடந்தால் வேலை நிரந்தரம்.

லைன் ஏன் இழுக்கிறது? யாரோ உறிஞ்சுகிறார்கள். யாருக்குப் பாஸ்வேர்டு தெரியும்? வைஃபை பெட்டியை மாட்டியவனுக்குத் தெரியும். மேரி போட்ட கணக்கு அவ்வளவுதான்.

போன கார்த்திகையில் அந்தப் பெட்டியை மாட்டியபோது நானும் கூட இருந்தேன். தெருவில் ஒரு ஏணி சாய்ந்தால் நான் இல்லாமல் எப்படி? டார்ச் பிடிக்கிற வேலையைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். வெற்றிசெல்வன் மேரிக்குப் பொறுமையாகச் சொல்லிக்கொண்டே மாட்டினான்.

“சித்தி, இந்தா வருது பாருங்க, இது ஃபைபர் கேபிளு. கம்பத்துலேருந்து வீடு வரைக்கும் இதுல வரும். இந்தப் பெட்டி ரூட்டரு. இது கேபிள்ல வர்றத ரேடியோ மாதிரி வீடு பூரா பரப்பும். போனு, லேப்டாப்பு, டிவி எல்லாம் வயர் இல்லாம இதுகிட்டதான் பேசும். நாலு பேரு ஒரே நேரத்துல பேசுனா மத்தவுக காத்திருக்கணும், அதான் ஸ்லோ ஆகும். ரெண்டு அலைவரிசை இருக்கு. ஒண்ணு தூரமாப் போகும், வேகம் கம்மி. இன்னொண்ணு நல்ல வேகம், ஆனா செவுரத் தாண்டத் திணறும்.”

“தண்ணித் தொட்டி பக்கத்துல வைக்கலாமாடா?”

“தண்ணியும் ஆகாது, இரும்பும் ஆகாது. வீட்டுக்கு நடுவுல, ஒசரமா, தொறந்த எடத்துல வைங்க. பாஸ்வேர்டு என்ன போடட்டும்?”

“பாப்பா பேரும் பொறந்த வருசமும் போடுறா. எனக்கு மறக்காது.”

“சித்தி, அது தெருவுக்கே தெரியுமே. கொஞ்சம் கஷ்டமா வைங்க.”

“தெருவுக்கு என்னடா தெரியும்? போடுடா.”

தெருவுக்கு என்ன தெரியுமோ, டார்ச் பிடித்தவளுக்குத் தெரியும். இந்தத் தெருவில் எந்தப் பிள்ளை எந்த வருஷம், எந்தக் கிழமை, எந்த ஆஸ்பத்திரியில் பிறந்தது என்று எனக்கு மனப்பாடம். ஷர்லியின் ஞானஸ்நான விருந்தில் பந்தி பரிமாறியவளே நான்தான். பாஸ்வேர்டை யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லவேண்டிய அவசியமும் இல்லை.

முதலில் போனில் மட்டும்தான் போட்டுப் பார்த்தேன். வருகிறதா என்று பார்க்கத்தான். வந்தது. மாடி ஜன்னல் பக்கம் நின்றால் இரண்டு கோடு. பொங்கலுக்கு என் மகன் அருண் சென்னையிலிருந்து வந்தபோது புது டிவியும் வாங்கி வந்தான். “லைன் இருக்காம்மா?” என்றான். “மேரி வீட்டுது இருக்கு” என்றேன். “அவங்ககிட்ட கேட்டுட்டியா?” என்றான். “கேக்காமயா?” என்றேன்.

அவன்தான் அந்தச் சின்ன வெள்ளைப் பெட்டியை வாங்கி வந்து மாடி ஜன்னல் பக்கத்து பிளக்கில் சொருகினான். ரிப்பீட்டர். “எட்ட இருந்து மெல்லக் கேக்குறத வாங்கி, அதே பேர்ல சத்தமாத் திருப்பிச் சொல்லும். ஒன்னைய மாதிரிதாம்மா” என்று சிரித்தான். நானும் சிரித்தேன். அதற்கப்புறம் வீடு முழுக்க நாலு கோடு. காலை பத்திலிருந்து விட்டுப்போன தொடர்களை எல்லாம் வரிசையாகப் பார்த்துவந்தேன். வீட்டில் நான் ஒருத்தி. ஒருத்தி பார்த்து எவ்வளவு தீர்ந்துவிடப் போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். யாராவது கேட்டிருந்தால் அவர்களுக்கும் அதைத்தான் சொல்லியிருப்பேன். யாரும் கேட்கவில்லை.

சரி, சண்டைக்கு வருகிறேன். மேரி திடீரென்று கம்பை என் பக்கம் திருப்பினாள்.

“இந்தா மீனம்மா நிக்கிது. இது பொய் சொல்லாது. சொல்லு மீனம்மா, அவன் தெனம் சாயங்காலம் எங்க செவுத்துல ஒக்காந்து போன நோண்டுறத நீ பாத்தியா இல்லையா?”

பார்த்திருந்தேன். வெற்றிசெல்வன் வீடு தகரக் கூரை. உள்ளே போனுக்கு டவர் கிடைக்காது. அந்தச் சுவர் முனையில் உட்கார்ந்தால்தான் கிடைக்கும். ஏன்டா இங்கேயே உட்காருகிறாய் என்று நானே ஒருநாள் அவனைக் கேட்டுத் தெரிந்துகொண்ட சங்கதி அது. அதையும் சேர்த்துச் சொல்லியிருக்கலாம். நாக்கு நுனி வரை வந்தது. அதைச் சொன்னால் அடுத்த கேள்வி, ‘அப்ப வேற யாரு?’ என்பதுதான்.

“பாத்தேன்” என்றேன்.

அந்த ஒரு சொல்லில் பொய் எதுவும் இல்லை. வெற்றிசெல்வன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். அவன் காரணம் சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

“கேட்டுக்கிட்டீகளா?” என்றாள் மேரி தெருவைப் பார்த்து. தெரு கேட்டுக்கொண்டது. பழனிச்சாமி அண்ணன் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். பகலில் சாத்தி நான் பார்த்தே அறியாத கதவு.

அன்று சாயங்காலம் மேரி ஒரு வேலை செய்தாள். நகையை வைக்கிற இரும்பு பீரோவில் ரூட்டரைத் தூக்கி வைத்தாள். வயர் போகவேண்டுமே, பூட்ட முடியவில்லை. கைப்பிடி இரண்டையும் பழைய ரவிக்கை நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டு, “இப்ப எடுக்கச் சொல்லு பாப்போம்” என்றாளாம். யாராலும் எடுக்க முடியவில்லை. ஷர்லியாலும் முடியவில்லை. புதன்கிழமை காலை அவள் லேப்டாப்பில் ஒரு பக்கம்கூடத் திறக்கவில்லை. என் டிவியில் கதாநாயகி தாலியைக் கழற்றப் போன இடத்தில் வட்டம் சுற்றிக்கொண்டு நின்றது.

நான் உடனே எதிர் வீட்டுக்குப் போனேன். “ஏன்டி மேரி, இரும்புக்குள்ள வச்சா அது சூடேறிக் கெட்டுப்போகும்டி. அவன்தான் அன்னைக்கே சொன்னானே, தொறந்த எடத்துல வைக்கணும்னு. வெளிய எடு” என்றேன்.

“அத்தை சொல்றது சரிதாம்மா” என்று ஷர்லி நாடாவை அவிழ்த்தாள். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, “எங்களுக்காக எவ்ளோ யோசிக்கிறீங்க அத்தை” என்றாள். இரண்டு நாளாகத் தூங்காத கண். கையை எப்போது விடுவாள் என்றிருந்தது எனக்கு.

வியாழக்கிழமை இன்டர்நெட் கம்பெனியிலிருந்து பிரவீன்குமார் என்ற பையன் வந்தான். ஒரு போனைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டு அறை அறையாக நடந்தான். எங்கே சிக்னல் எவ்வளவு என்று அதில் எண் ஏறி இறங்குமாம். கூடம், சமையலறை எல்லாம் சரி. ஷர்லி உட்கார்ந்து வேலை பார்க்கிற முன் அறை ஜன்னலுக்கு வந்ததும் நின்றுவிட்டான். நான் என் வாசலில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். எங்கள் தெருவில் ஆட்டோ வந்தால் ஆள் ஒதுங்கவேண்டும். அவன் பேசியது அத்தனையும் கேட்டது.

“அக்கா, ஒங்க ரூட்டர் பின்னாடி இருக்கு. ஆனா இங்கிட்டு, தெருப் பக்கமிருந்து அதே பேர்ல இன்னொரு பெட்டி பலமா வருது. யாரோ ரிப்பீட்டர் வச்சிருக்காங்க. ஒங்க லேப்டாப்பு இந்த ஜன்னல்ல ஒக்காந்ததும் பக்கத்துல சத்தமா இருக்குறதுன்னு அதப் போயிப் புடிச்சுக்குது. அது மறுபடி ஒங்க ரூட்டர்கிட்டதான் கேக்கணும். சுத்தி வளைச்சுப் போறதுனாலதான் நிக்கிது.”

“எங்கேருந்து வருது?”

“வெளிய போயிப் பாத்தா தெரிஞ்சிரும்.”

கீரையை அப்படியே போட்டுவிட்டு மாடிக்கு ஓடினேன். ஐம்பத்தாறு வயதில் படியை இரண்டிரண்டாக ஏறினேன். பெட்டியைப் பிடுங்கினேன். பிடுங்கிய வேகத்தில் அது தரையில் விழுந்து உருண்டது. எடுத்து அரிசி டிரம்முக்குள் புதைத்து, மூடி போட்டு, அதன்மேல் உளுந்து டப்பாவையும் வைத்துவிட்டுக் கீழே வந்தேன். பிரவீன்குமார் தெரு நடுவில் போனைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“இப்பத்தான் இருந்துச்சு. காணோமே!”

“நீ சத்தமாப் பேசுனல்ல, நிறுத்திட்டான்” என்றாள் மேரி, பக்கத்து வீட்டைப் பார்த்தபடி. வெற்றிசெல்வனின் வண்டி வாசலில் நின்றிருந்தது. “பெட்டி, கிட்டின்னு வைக்க வேற யாருக்குத் தெரியும் இந்தத் தெருவுல?”

நான் ஈரமில்லாத கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு நின்றேன்.

வெள்ளிக்கிழமை மீட்டிங் ஒரு இடத்தில்கூட நிற்காமல் நடந்தது. ஷர்லிக்கு வேலை நிரந்தரம். மேரி வீடு வீடாகக் கேசரி கொடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் மட்டும் கொடுக்கவில்லை. எனக்கு ஒரு கரண்டி கூடவே வைத்தாள், முந்திரி பொறுக்கி. “பாத்தியா, பயந்துபோயி நிறுத்துனதும் லைன் ராக்கெட் மாதிரி போகுது” என்றாள். தெருவில் எல்லோரும் அதையே சொன்னார்கள். லைன் சரியானதே அவன் திருடியதற்குச் சாட்சியாகிவிட்டது. நான் பெட்டியை எடுத்து ஒளித்தது ஒரு பெண்ணின் வேலையைக் காப்பாற்றியது, ஒரு பையன் மேல் சுமத்திய பழியை உறுதியும் செய்தது. கேசரியைத் தின்ன முடியவில்லை. பொய் சொல்வானேன், பாதி தின்றேன்.

சனிக்கிழமை ஆலங்குடி ரோட்டுத் துணிக்கடையிலிருந்து வெற்றிசெல்வனுக்கு போன் வந்தது. அங்கே பன்னிரண்டு கேமரா மாட்டுவதாக இருந்தான். வேண்டாம், வேறு ஆள் பார்த்துக்கொள்கிறோம் என்றார்களாம். பழனிச்சாமி அண்ணன் சுவரோரம் நின்று யாரிடமோ போனில் சொல்லிக்கொண்டிருந்தார். கடைசி சீட்டுக்குக் கேட்கிற தொண்டையில் அன்று சத்தமே இல்லை. ஆனாலும் எனக்குக் கேட்டது. “காரணம் சொல்லலப்பா. சாவிய மட்டும் திருப்பிக் கேட்டாங்களாம்.”

இவ்வளவும் தெரிந்த பிறகு நான் திங்கட்கிழமை என்ன செய்தேன் தெரியுமா? டிரம்மிலிருந்து பெட்டியை எடுத்து, அரிசியை ஊதிவிட்டு, மறுபடி சொருகினேன். ஷர்லியின் பரீட்சைதான் முடிந்துவிட்டதே, இனி யாருக்கு என்ன நஷ்டம் என்று நினைத்தேன். புதன்கிழமை பார்த்த பகுதி தாலியில் கை வைத்ததோடு முடிந்திருந்தது; கழற்றினாளா இல்லையா என்று நாலு நாளாகத் தெரியவில்லை. அதற்காகத்தான். வேறு எதற்காகவும் இல்லை. கழற்றவில்லை.

அன்று சாயங்காலம் ஷர்லி என் வீட்டுக்கு வந்தாள். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

“அத்தை, ரூட்டருக்குள்ள எந்தெந்த போன், எந்தெந்த டிவி சேர்ந்திருக்குன்னு ஒரு லிஸ்ட் வரும். பிரவீன் பாக்கச் சொல்லிக் குடுத்துட்டுப் போனாரு. இன்னைக்குப் பாத்தேன்.”

“அப்பிடியா?”

“‘அருண் அம்மா டிவி’ன்னு இருக்கு.”

அருண் ஆசையாக வைத்த பெயர்.   உள்ளே டிவி வேறு ஓடிக்கொண்டிருந்தது.

“எங்ககிட்ட கேட்டிருந்தா குடுத்திருப்போமே அத்தை. அம்மா ஒங்களுக்கு எதை இல்லைன்னாங்க?”

“ஷர்லி, நான் வந்து…”

“பாஸ்வேர்டை இப்பத்தான் மாத்திட்டு வந்தேன். அம்மாகிட்ட இன்னும் சொல்லல. வெற்றி வியாழக்கிழமை ஓசூருக்கு வேலைக்குப் போறாராம். அதுக்குள்ள நீங்களே சொல்லிருங்க.”

போய்விட்டாள். டிவியில் வட்டம் சுற்றத் தொடங்கியது.

ஒரு சேதியைத் தெருவில் எப்படிப் பரப்புவது என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். குழாயடியில் ஒரு வார்த்தை, பால் சொசைட்டியில் ஒரு வார்த்தை போதும். செவ்வாய்க்கிழமை காலை குழாயடிக்குப் போனேன். குடத்தை நிரப்பினேன், மழை வருமா என்று கேட்டேன், திரும்பிவிட்டேன். ஊரில் உள்ளவர்கள் சங்கதியைச் சொல்ல அத்தனை சுலபமாகத் திறந்த வாய், என் சங்கதிக்குத் திறக்க மறுத்தது. இரண்டாவது குடத்துக்கும் போனேன். அதுவும் அப்படியே.

சாயங்காலம் ரிப்பீட்டரைக் கையில் எடுத்துக்கொண்டு தெருவைக் கடந்தேன். ஒளித்து எடுத்துப் போகவில்லை. அந்த அளவுக்காவது செய்தேன். மேரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் பழனிச்சாமி அண்ணன் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். வெற்றிசெல்வன் டிரில்லிங் மிஷினைத் துணியில் சுற்றிப் பைக்குள் வைத்துக்கொண்டிருந்தான். சுவர் முனையில் போய் நின்றேன்.

“மேரி, ஒங்க வைஃபைய எடுத்தது நான்தான். இந்தா, பெட்டி இதுதான். பொங்கல்லேருந்து எடுக்குறேன். அவன் ஒண்ணும் பண்ணல. அவுக வீட்டுக்குள்ள டவர் எடுக்காது, அதான் இங்க ஒக்காருவான். அது எனக்கு அன்னைக்கே தெரியும்.”

மேரி என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு இரண்டு சொல்லி ஒருவழியாகக் கரையேறியிருப்பேன். அவள் கம்பைத் தரையில் ஊன்றி எழுந்து, என்னைத் தாண்டிச் சுவரோரம் போனாள்.

“அண்ணே.”

பழனிச்சாமி அண்ணன் நிமிரவில்லை. “ஒன் வாயால சொன்னதத் தெரு பூராக் கேட்டுச்சு மேரி. இது ஏழு பேருக்காச்சும் கேட்டுச்சா?”

மேரி அழுதாள். நான் அவள் அழுது பார்த்ததில்லை, ஆபரேஷன் அன்றுகூட.

வெற்றிசெல்வன்தான் எழுந்து வந்து என் கையிலிருந்த பெட்டியை வாங்கினான். திருப்பிப் பார்த்தான். இடுக்கில் ஒரு அரிசி இருந்தது. நகத்தால் நெம்பி எடுத்துப் போட்டான்.

“இதை ஜன்னல்ல வச்சா இப்பிடித்தான் ஆகும் அத்தை. ரெண்டு வீட்டுக்கும் தொல்லை. ஒங்களுக்குன்னு ஒரு கனெக்‌ஷன் வாங்குங்க, ரூட்டரைக் கூடத்துல வைங்க. ஒங்க வீட்டுக்கு இதே தேவைப்படாது.”

அவ்வளவுதான் பேசினான். திட்டவும் இல்லை, பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. வேலைக்குக் கூப்பிட்ட வீட்டில் பேசுவதுபோல் பேசிவிட்டுப் பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தான்.

“போகாதடா வெற்றி” என்றேன்.

“வாரேன்னு சொல்லிட்டேன் அத்தை. இங்கயும் யாரும் கூப்புடல” என்றான்.

மறுநாள் குழாயடியில் சொன்னேன். பால் சொசைட்டியிலும் சொன்னேன். துணிக்கடைக்கே ஆட்டோ பிடித்துப் போய் முதலாளியிடம் சொன்னேன். “அப்பிடியாம்மா, சரிம்மா” என்றார். மேலே வேறு யாரோ ஏணியில் நின்று கேமரா மாட்டிக்கொண்டிருந்தார்கள். சொன்ன இடத்திலெல்லாம் கேட்டவர்கள் என் முகத்தைத்தான் பார்த்தார்கள். சிலர் நான் பையனைக் காப்பாற்றப் பழியை ஏற்றுக்கொள்கிறேன் என்று என்னைப் பாராட்டவே செய்தார்கள். அதைப்போல ஒரு அவமானம் எனக்கு அதற்கு முன்னால் நேர்ந்ததில்லை.

வியாழக்கிழமை அவன் ஓசூர் போனான். அங்கே ஒரு கேமரா கம்பெனியில் இப்போது ஏழெட்டுப் பேருக்கு மேலாளராம். அடுத்த வருஷம் ஆவணியில் குளத்தூர்ப் பெண் அன்புமொழியைக் கட்டினான். லேப் டெக்னீஷியன், நல்ல நிறம், இரண்டு அண்ணன்கள். பழனிச்சாமி அண்ணன் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்துத் தெருவில் எல்லா வீட்டுக்கும் நேரில் போய்ப் பத்திரிகை கொடுத்தார். மேரி வீட்டில் உட்கார்ந்து காபியும் குடித்தார். எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினார். நான் போகவில்லை.

ஷர்லி அதற்கடுத்த தையில் திருச்சியில் ஒரு கல்லூரி ஆசிரியருக்கு வாழ்க்கைப்பட்டாள். அதே வேலையை அங்கிருந்தே பார்க்கிறாள். மேரியையும் கூட்டிக்கொண்டு போய்விட்டாள். அந்த வீடு இப்போது வாடகைக்கு இருக்கிறது.

பழனிச்சாமி அண்ணனைக் காலையில் வாசலில் பார்ப்பேன். “சாப்டாச்சாண்ணே?” என்பேன். “ஆச்சு” என்பார். வெற்றி எப்படி இருக்கிறான், மருமகளுக்கு ஏதும் விசேஷமா என்றெல்லாம் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.